இரும்பு விருந்தாளி தட்டியபோது

பகலெல்லாம் பல் பிடுங்கி, பொழுது சாய்ந்ததும் பழைய படச்சுருள் தேடிப் புறப்பட்டுவிடும் எங்கள் பல் மருத்துவரே, இந்த அவையின் தலைமையே! மனைவிக்கு அடுத்தபடியாக நம் பழம்பட மன்றத்தை நேசிக்கும் செயலாளர் அவர்களே! இரண்டாம் வரிசையில் அண்ணியார் முறைக்கிறார்கள். முறைக்காதீர்கள் அண்ணி, அடுத்தபடியாக என்றுதானே சொன்னேன்! மேடையோரம் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்போது ஒலிக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையையும் மனத்தில் எரிச்சலையும் வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாத தாய்மாரே! மாடி இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு இந்த மண்டபத்தையே அதிரவைக்கும் இளைய பட்டாளமே! மேலே அந்தச் சின்னச் சதுர ஓட்டைக்குப் பின்னால் சுருளை மாட்டிவிட்டுக் கைகட்டி நிற்கும் ஆபரேட்டர் அண்ணே! அனைவருக்கும் இந்தக் கண்ணாடிக் கடைக்காரனின் கைகூப்பு.

என்ன தம்பி, மாடியிலிருந்து? "படத்தைப் போடுங்க"வா? போடுவோம். கட்டாயம் போடுவோம். அதற்கு முன் ஒரு கேள்வி. படம் ஏன் இன்னும் தொடங்கவில்லை? ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள்? "தொழில்நுட்பக் கோளாறு, சற்றுப் பொறுத்தருள்க" என்றார்கள். நீங்களும் நம்பினீர்கள். கைதட்டிக் கைதட்டிக் கேலி செய்தீர்கள். செயலாளர் என்னிடம் ஓடி வந்தார். "அண்ணே, வருஷா வருஷம் சிரிக்க வைக்கிற மாதிரி ஏதாவது பேசி நேரத்த ஓட்டிடுங்க, அதுக்குள்ள நாங்க சரி பண்ணிடறோம்" என்றார்.

சிரிக்க வைப்பது எனக்குச் சிரமம் இல்லை. மாமியார் கதை இருக்கிறது, மாறுகண் கதை இருக்கிறது, மூக்குக்கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடிய வாடிக்கையாளர் கதை இருக்கிறது. ஆனால் அவையோரே, இன்று என் நாக்கு அதற்கு எழவில்லை. எந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. சுருள் சுகமாக இருக்கிறது, விளக்கு நலமாக இருக்கிறது. நலமில்லாமல் இருப்பது ஒரு மனிதர். நீங்கள் உள்ளே நுழைந்தபோது வாசலில் உங்களோடு படம் எடுத்துக்கொண்ட மனிதர். இப்போது மருத்துவமனையில் படுத்திருக்கிறார். பிழைப்பாரா என்று தெரியவில்லை. பொருளாளர் கைபேசியை வெறித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

அமைதி. அமைதியாக இருங்கள். இப்போது யாரும் எழுந்து வாசலுக்கு ஓட வேண்டாம். வாசலில் அவர் இல்லை.

இன்று நாம் காணக் கூடியிருப்பது என்ன? பழைய படங்கள் இரண்டு. முதலாவது, 'மேசை பேசும் வீடு'. ஆவியை அழைக்கும் படம். இரண்டாவது, 'இரும்பு விருந்தாளி'. வானத்திலிருந்து வந்திறங்கும் எந்திர மனிதனின் படம். ஒன்று மறுமையைக் காட்டுவது, மற்றது வேற்றுலகைக் காட்டுவது. இரண்டிலும் அட்டைச் சுவர், ஈர்க்குக் குச்சி மீசை, நூலில் தொங்கும் பறக்கும் தட்டு! ஆனாலும் ஆண்டுதோறும் ஆவலோடு வருகிறோம். ஏன் வருகிறோம்? நெஞ்சிலடிக்க வருகிறோம்!

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'இரும்பு விருந்தாளி'யின் கடைசிக் காட்சி. ஆய்வுக்கூடத்தில் எந்திர மனிதனுக்குச் சக்தி தீர்ந்துகொண்டே வருகிறது. அவன் வலது கையைத் தூக்கி நெஞ்சில் மூன்று முறை அடிக்கிறான். டம், டம், டம் என்று முரசு ஒலிக்கிறது. உடனே இந்த மண்டபமே எழுந்து நிற்கும். மூத்தவர், இளையவர், தாய், பிள்ளை, எல்லோரும் தங்கள் நெஞ்சில் மூன்று முறை அடிப்பார்கள். அவன் மறுபடி அடிப்பான், நாமும் மறுபடி அடிப்போம். பிறகு அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அசையாமல் நிற்பான். நாமும் தலையைச் சாய்த்து நிற்போம். அவன் தடாலென்று விழுவான். நாம் ஆரவாரம் செய்வோம். யார் தொடங்கியது, எப்போது தொடங்கியது, யாருக்கும் தெரியாது. ஆனால் இதற்காகவே வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் உண்டு. இவ்வாண்டுச் சுவரொட்டியில் என்ன எழுதியிருந்தது? "வாருங்கள், நெஞ்சிலடிப்போம்!" எழுத்து சிவப்பு, ஆள் உயரம். ஊரில் ஓடும் பேருந்துகளின் முதுகிலெல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பேருந்துகளில் ஒன்றில் ஓர் அம்மா கண்டக்டராக இருக்கிறார். அவர் முதலில் பார்த்தது தன் வண்டியின் முதுகில்தான்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் வாசலுக்கு வருகிறேன். இவ்வாண்டு ஒரு புதுமை செய்யலாம் என்று மன்றத்தார் நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். பந்தல் அலங்காரக்காரரிடம் சொல்லி, படத்தில் வருவது போலவே ஒரு தகர உடுப்புச் செய்தார்கள். தலையும் மார்பும் ஒன்றாகப் பிணைத்தது, கழுத்து மட்டும் சற்றுச் சாயும். முதுகில் திருகாணி. பிள்ளைகள் பிடித்து இழுத்தால் கழன்றுவிடக் கூடாதே என்று வெளியிலிருந்து இறுக்கமாக முடுக்கிவிட்டார்கள். உள்ளே யாரை நிறுத்துவது? சுவருக்குச் சுண்ணாம்பும் சாயமும் அடிக்கும் ஒரு பெயிண்டர். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். வேலையில்லாத நாள். "சும்மா நிக்கிறதுதானே, நின்னா போச்சு" என்று வந்தவர். நண்பகல் வெயில் இறங்குவதற்கு முன்பே அவரை உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று.

பூட்டும்போது அந்தப் பெயிண்டர் கேட்டிருக்கிறார்: "உள்ள இருந்து கத்தினா கேக்குமாண்ணே?"

அலங்காரக்காரர் சொல்லியிருக்கிறார்: "கேக்காதுண்ணே. முடியலைன்னா நெஞ்சுல தட்டுங்க, நாங்க பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டு அவர் மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கி கட்டப் போய்விட்டார். திருகாணி முடுக்கியும் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

அவையோரே, நீங்கள் வந்தீர்கள். வாசலில் எந்திர மனிதனைக் கண்டீர்கள். தோளில் கை போட்டீர்கள். தலையில் தொப்பி வைத்தீர்கள். அவன் நெஞ்சில் மூன்று முறை தட்டினான். நீங்கள் என்ன செய்தீர்கள்? நீங்களும் தட்டினீர்கள். அவன் மறுபடி தட்டினான். நீங்களும் மறுபடி தட்டினீர்கள். "அப்படியே படத்துல வர்றா மாதிரியே பண்றாருடா!" என்றீர்கள். அவன் தட்டத் தட்டக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடக் கூடக் குதூகலம் கூடியது. நானும் அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் உள்ளே வந்தேன். அடடா, ஆள் நன்றாகச் செய்கிறானே என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அப்போது ஒரு விசில் கேட்டதே, நினைவிருக்கிறதா? ஒற்றை விசில். நீளமாக, காதைக் கிழிக்கிற மாதிரி. நம் மாடிப் பட்டாளம்தான் அடிக்கிறது என்று நான் எண்ணினேன். இல்லை. அது கண்டக்டர் விசில்.

வேலை முடிந்து காக்கிச் சீருடையோடு நேராக இங்கே வந்திருக்கிறார் அந்த அம்மா. வாசலில் எந்திர மனிதன் தட்டுவதைப் பார்த்திருக்கிறார். தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பதைப் பார்த்திருக்கிறார். கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிவிட்டார். நீங்கள் பெரும்பாலோர் அதற்குள் உள்ளே வந்து அமர்ந்துவிட்டீர்கள்; வாசலில் சிரித்துக்கொண்டிருந்த சிலர் திகைத்து நின்றார்கள். "யார்கிட்ட இருக்கு சாவி? யார் இதைத் தெறக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். ஒருவர், "ஷோ நடக்குதும்மா, ஓரமா நில்லுங்க" என்றாராம். தேநீர்க் கடைக்காரரின் கத்தரியை வாங்கி, தகரத்தின் விளிம்பிலே விட்டு, நெம்பி, வளைத்து, கையெல்லாம் கிழிபட, அந்த உடுப்பைப் பிளந்தவர் அவர்தான். உள்ளே இருந்த பெயிண்டருக்கு நினைவு இல்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. பயந்துவிட்டேன். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, கைக்குக் கட்டுப் போடும்போது, நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். "எங்களுக்கெல்லாம் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவர் சொன்னார்: "உள்ள இருக்கிறவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியாதுங்க. ஆனா எங்க வண்டியில ஒரு விசில் அடிச்சா டிரைவர் ஏன்னு கேக்க மாட்டாரு. மொதல்ல நிறுத்துவாரு. அப்புறம்தான் கேப்பாரு." பிறகு விசிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா இப்படித் தட்டித்தான் செத்துப் போனாரு."

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். "சுருக்கமாக முடிக்கவும்." ஐயா பல் மருத்துவரே! வாயைத் திற, இன்னும் திற, நன்றாகத் திற என்று நாள் முழுவதும் சொல்லுகிற தாங்கள், என்னை மட்டும் மூடச் சொல்லலாமா? இன்று என் வாய் மூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் தந்தை ஒரு லைட்மேன். படப்பிடிப்புக் கூடத்தில் விளக்குத் தூக்குகிறவர். நல்ல உயரம். கூடத்தில் எல்லோரும் அவரை நெட்டையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணி வேண்டாம், நெட்டையண்ணனைக் கூப்பிடு என்பது அங்கே அன்றாடக் கேலி. 'இரும்பு விருந்தாளி' எடுக்கத் தொடங்கியபோது உயரமான ஆள் தேவைப்பட்டார். "நெட்டை, நீ உள்ள போடா" என்றார்கள். போனார். அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலை நீங்கள் பலமுறை பார்த்திருக்கிறீர்கள். 'இரும்பு விருந்தாளியாக: வேற்றுலகவாசி' என்று வரும். நாம் ரசித்துச் சிரிப்போம். விளம்பரத்துக்காகச் செய்த குறும்பு. ஆனால் வேற்றுலகவாசி இறந்து போனால் விசாரிக்க யார் வருவார்? வேற்றுலகவாசியின் மனைவி எங்கே போய் நியாயம் கேட்பாள்?

உடுப்பைச் செய்தவர் ஒரு தகரப் பட்டறைக்காரர். படப்பிடிப்பில் உடுப்பை மாட்டிவிடுவதும் கழற்றிவிடுவதும் அவர் பொறுப்பு. அவரும் நெட்டையண்ணனும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். உள்ளே மூச்சு முட்டினால் நெட்டையண்ணன் நெஞ்சுத் தகரத்தில் மூன்று முறை தட்டுவார். பட்டறைக்காரர் முதுகுத் தகரத்தில் மூன்று முறை திருப்பித் தட்டுவார். கேட்டுவிட்டது, வந்துவிட்டேன் என்று பொருள். தலைக்கவசத்துக்குள் காது சரியாகக் கேட்காது. அதனால் தட்டிவிட்டு நெட்டையண்ணன் தலையைச் சாய்த்துக் காதைத் தகரத்தோடு ஒட்டிவைத்துக் காத்திருப்பார். பதில் தட்டு வந்ததும் நிமிர்வார். அழகான ஏற்பாடு. அது எத்தனையோ நாள் அவரைக் காப்பாற்றியது.

ஒரு நாள் இயக்குநர் அதைப் பார்த்துவிட்டார். "அட, இந்தத் தட்டு பிரமாதமா இருக்கே! இதையே நடிப்பா வெச்சுக்குவோம். கோவம் வந்தா தட்டு, சக்தி கொறைஞ்சா தட்டு" என்றார்.

நெட்டையண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "அப்ப மூச்சு முட்டினா என்னங்க பண்றது?"

"அதுக்கும் தட்டுய்யா. நாங்க பாத்துக்கறோம்."

நாங்க பாத்துக்கறோம்! என்ன எளிதான சொல்! என்ன இனிதான சொல்! உள்ளே இருக்கிறவனுக்கு இருந்த ஒரே மொழியை எடுத்து ஒப்பனையாக்கிவிட்டார்கள். வேறு சைகை கொடுத்தார்களா? இல்லை. வேறு ஆள் நிறுத்தினார்களா? இல்லை. கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. காட்சி நன்றாக வர வேண்டும் என்று மட்டுமே நினைத்தார்கள். எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான்.

கடைசிக் காட்சி எடுக்கும் நாள். விளக்குகள் அனைத்தும் எரிகின்றன. காற்றாடிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டிருக்கின்றன, புகை கலையக் கூடாதே! எந்திர மனிதன் தள்ளாடி வருகிறான். நெஞ்சில் மூன்று முறை தட்டுகிறான். "அபாரம்! இன்னொரு தடவை!" என்று இயக்குநர் ஒலிக்குழலில் கத்துகிறார். மறுபடி மூன்று முறை. "அப்படித்தான்! அப்படித்தான்!" பட்டறைக்காரர் எழுந்துவிட்டார். முன்னே ஓடப் பார்த்தார். உதவி இயக்குநர் கையைப் பிடித்து இழுத்தார். "குறுக்க போகாதய்யா, கேமரா ஓடுது!" பட்டறைக்காரர் நின்றுவிட்டார். எந்திர மனிதன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். அசையாமல் நின்றான். பிறகு விழுந்தான்.

அந்த நிற்றலை நாம் எத்தனை முறை புகழ்ந்திருக்கிறோம்! எந்திரத்துக்குள் எப்படிப்பட்ட சோகம், என்ன நடிப்பு, என்ன நளினம் என்று இதே மேடையில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்! அவையோரே, அவர் நடிக்கவில்லை. அவர் முதுகில் ஒரு தட்டு விழுமா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விழவில்லை.

படப்பிடிப்புக் கூடம் கைதட்டியது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த ஷாட்டுக்கு விளக்கை நகர்த்தினார்கள். தேநீர் வந்தது. நெட்டையண்ணனுக்கும் ஒரு குவளை எடுத்து வைத்தார்கள். அதன் பிறகுதான் உடுப்பைக் கழற்றினார்கள். வீட்டுக்கு என்ன செய்தி போயிற்று தெரியுமா? "வேலை முடிச்சுக் கிளம்பும்போது மாரடைப்பு." அப்போது அந்த அம்மா தாயின் வயிற்றில் இருந்தார்.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது? சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய பேருந்தில் ஒரு முதியவர் ஏறினார். கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் இறங்கவில்லை.

"எறங்கலையா பெரியவரே?"

"எறங்குறேம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எத்தனையோ தடவை உன் வண்டியில ஏறி, சொல்லாமலே எறங்கிப் போயிருக்கேன். இன்னைக்கும் எறங்கிட்டா இனிமே சொல்லவே மாட்டேன்."

பட்டறைக்காரர்தான். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அந்தாளு கையைப் பிடிச்சப்ப உதறிட்டு ஓடியிருக்கணும்மா. கேமராதானே, ஓடிட்டுப் போகட்டும்னு விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். கண்டக்டரம்மா பின்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, வண்டிய எடுக்கலாமா?" என்றார். இவர் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. அன்று முழுவதும் சீட்டுக் கிழித்தாராம்.

அன்றிலிருந்து இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓர் எண்ணம், பார்க்கவே கூடாது என்று ஓர் எண்ணம். தன் வண்டியின் முதுகிலேயே நம் சுவரொட்டியைக் கண்ட பிறகு வந்துவிட்டார். "வீட்ல அப்பா போட்டோ ஒண்ணு இருக்கு. அதுல நிக்கிறாரு. அவர் நடந்து நான் பாத்ததில்ல. மூஞ்சி தெரியாதுன்னு எனக்கும் தெரியும். தகரத்துக்குள்ள இருந்தாலும் நடை அவரோட நடைதானேங்க?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அவர் இப்போது இந்த அரங்கில்தான் இருக்கிறார். மேடைக்கு அழைத்தேன், வர மறுத்துவிட்டார். திரும்பித் தேடாதீர்கள். தயவுசெய்து தேடாதீர்கள்.

இன்றைய முதல் படத்தை எண்ணிப் பாருங்கள். 'மேசை பேசும் வீடு'. இருட்டறை. வட்ட மேசை. மெழுகுவர்த்தி. கோட்டுப் போட்ட கனவான்கள் கைகோத்து அமர்ந்து கேட்கிறார்கள்: "யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் தட்டுங்கள்!" எங்கிருந்தோ டொக் என்று ஒரு சத்தம். ஐயோ, நமக்கு எப்படிப் புல்லரிக்கிறது! எப்படி மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்! பக்கத்து இருக்கைக்காரரின் கையை எப்படி இறுகப் பற்றுகிறோம்! சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தால், அது செத்தவன் தட்டுவது என்று ஒரு நொடியில் நம்புகிறோமே! தகரத்துக்கு அப்பாலிருந்து உயிருள்ளவன் தட்டினானே, அதை ஏன் நம்பவில்லை? இல்லாத ஆவிக்குக் காது கொடுத்தோம். இருக்கிற உயிருக்குக் கைதட்டல் கொடுத்தோம். செத்தவன் தட்டினால் செய்தி, வாழ்கிறவன் தட்டினால் வேடிக்கையா? நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருக்கும் நண்பர்களே, சொல்லுங்கள், இது என்ன கேட்கும் திறன்? இது என்ன ரசனை?

கடையில் என்னிடம் வருகிறவர்கள், "எழுத்து மங்கலா தெரியுது" என்று சொல்லித்தான் வருவார்கள். கண் சரியில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். காது சரியில்லை என்பது மட்டும் காதுக்குத் தெரிவதே இல்லை.

மாடியில் யாரோ எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் தம்பி, உரக்கச் சொல்லுங்கள். "இன்னைக்கு அவர் தட்டும்போது நாங்க எல்லாரும் நாற்காலியில பதிலுக்குத் தட்டறோம்" என்கிறார். கைதட்டுகிறீர்கள். நல்ல மனம் தம்பி. இதே யோசனைதான் எனக்கும் வந்தது. ஆயிரம் பேர் சேர்ந்து பதில் தட்டலாம் அம்மா, அவர் ஆத்மா சாந்தி அடையும் என்று நானே அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாங்க. தட்டிட்டா உங்களுக்கெல்லாம் மனசு லேசாயிடும். வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடுவீங்க. அவருக்குப் பதில் வரலைங்க. வரலைன்னா வரலைதான்" என்றார்.

உட்காருங்கள் தம்பி. நானும் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். உட்காருங்கள்.

பொறுங்கள். பொருளாளரின் கைபேசி ஒலிக்கிறது. ஒரு நிமிடம். எல்லோரும் ஒரு நிமிடம். மாடியில் சத்தம் வேண்டாம். என்ன? இங்கே வந்து சொல்லுங்கள், ஐயா. ஒலிவாங்கி வேண்டாம், என் காதில் சொல்லுங்கள்.

கண் திறந்துவிட்டார். அவையோரே, பெயிண்டர் கண் திறந்துவிட்டார்! மருத்துவர், இனி பயமில்லை என்கிறாராம். வேண்டாம், கைதட்டாதீர்கள். இன்று மட்டும் எதற்கும் கைதட்ட வேண்டாம். மனைவியும் மகள்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் பேசவும் செய்தாராம். முதலில் என்ன கேட்டார் என்பதைப் பொருளாளர் சொன்னார். "நான் தட்டினது யாருக்காவது கேட்டுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

பொருளாளர் அவர்களே, தொடர்பு இன்னும் இருக்கிறதா? இருக்கிறதென்றால் இந்த அரங்கத்தின் சார்பில் அவருக்குச் சொல்லுங்கள். ஒரு கண்டக்டரம்மாவுக்குக் கேட்டது. எங்களில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. பூசி மெழுகாமல் அப்படியே சொல்லுங்கள்.

இனி என் வேலை முடிந்தது. அந்த அம்மா கேட்டுக்கொண்டவை இரண்டே. படத்தை நிறுத்த வேண்டாம் என்றார், ஏனென்றால் அவர் தந்தை நடப்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. கடைசிக் காட்சியில் அந்த முரசு ஒலியை மட்டும் அணைத்துவிடச் சொன்னார். அது பிறகு வேறெங்கோ அடித்துச் சேர்த்த சத்தம். நெட்டையண்ணனின் கை அந்தச் சத்தத்தை எழுப்பவே இல்லை. ஆபரேட்டர் அண்ணன் சரி என்று தலையசைத்துவிட்டார்.

எனவே, அந்த இடம் வரும்போது ஒலி இருக்காது. அவர் தட்டுவார். உங்கள் கை எழும், பழக்கம் அப்படி. அதைப் பிடித்து மடியில் வையுங்கள். அவர் தலையைச் சாய்ப்பார். நீங்கள் சாய்க்காதீர்கள். அவர் எதைக் கேட்கக் காத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அது வராது என்றும் தெரியும். அந்த அமைதியில் அசையாமல் இருங்கள். அதற்குப் பிறகு கதாநாயகனும் கதாநாயகியும் தழுவிக்கொண்டு சிரிப்பார்கள். அதையும் பாருங்கள், எழுந்து போகாதீர்கள்.

தாமதத்தைத் தாங்கிக்கொண்ட தாய்மாருக்கும், கத்தரி கொடுத்த தேநீர்க் கடைக்காரருக்கும், சீட்டு அனுப்பியும் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், எங்கோ ஓரிருக்கையில் கட்டுப் போட்ட கையோடு தந்தையின் நடையைக் காணக் காத்திருக்கும் அந்த அம்மாவுக்கும் நன்றி. நாளை காலை உங்கள் வீட்டிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ யாராவது தட்டினால் முதலில் நிறுத்துங்கள். அப்புறம் கேளுங்கள். ஆபரேட்டர் அண்ணே, விளக்கை அணைக்கலாம். வணக்கம்.